கிணற்றடியிலிருந்து தொடங்குங்கள்: தொழில்வழிச் சிகிச்சை கேள்வி – பதில்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலிருந்து தொழில்வழிச் சிகிச்சை மாணவர்களும் புதிதாக நியமனம் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகள் இம்முறை. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

"தொழில்வழிச் சிகிச்சையாளர் என்று சொன்னால், 'பிள்ளை, ஒரு தொழில் எடுத்துத் தருவியளோ?' என்று கேட்கிறார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் ஓ.ரி. என்றால் சத்திரசிகிச்சைக் கூடம் என்று நினைக்கிறார்கள். எப்படி விளங்கப்படுத்துவது?"
— புதிய நியமனம், முல்லைத்தீவு

பிழை சனத்தில் இல்லை, பெயரில். நம்மிடம் தொழில் என்றால் உழைப்பு, சம்பளம். இந்தத் துறை சொல்ல வருவதோ, ஒருவர் விடிய எழும்பியதிலிருந்து படுக்கும்வரை செய்கிற அத்தனையும்: பல் தீட்டுவது, சாரம் கட்டுவது, அடுப்பு மூட்டுவது, பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றுவது, வயலுக்குத் தண்ணீர் கட்டுவது. இதற்கு வன்னியில் முன்பே ஒரு சொல் இருக்கிறது: அலுவல். "உங்கட அலுவலை நீங்களே பாக்கிறதுக்கு வழி செய்யிறன்" என்று சொல்லுங்கள், போதும். பிறகு நேரே கேள்விக்குப் போங்கள்: "நேற்று விடிய எழும்பி என்ன செய்தனீங்கள்? அடுத்தது? எதுக்கு ஆள் தேவைப்பட்டது?" ஒரு நாளை இப்படி முழுக்கக் கேட்டு முடிக்கப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் உங்கள் வேலை என்னவென்று அவருக்கும் விளங்கிவிடும்.

வாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் இன்னும் கடினம். "கைக்குப் பயிற்சி" என்று மட்டும் எழுதி நோயாளியை அனுப்புவார்கள். மறுக்க வேண்டாம். பார்த்துவிட்டு, "வலது கையால் உணவு உண்ண ஏலாது, தடித்த பிடி போட்ட கரண்டியால் 12 நிமிடத்தில் உண்டார்" என்று பதிவில் எழுதித் திருப்பி அனுப்புங்கள். அடுத்த முறை அனுப்புகிறவர் கொஞ்சம் யோசித்து எழுதுவார்.

"பாரிசவாதம் வந்த ஒருவருக்கு வாட்டில் பார்தெல் சுட்டியில் (அன்றாட அலுவல்களைத் தானே செய்வதை 100க்கு அளக்கும் அளவுகோல்) 85 புள்ளி கொடுத்தேன். வீட்டுக்குப் போய் இரண்டு கிழமையில் அவருடைய மனைவி வந்து, 'ஒண்டும் செய்யிறார் இல்லை, எல்லாம் நான்தான்' என்கிறா. நான் புள்ளி போட்டது பிழையா?"
— இரண்டாம் ஆண்டு மாணவி, மல்லாவி

புள்ளி சரியாக இருக்கலாம், தங்கச்சி. நீங்கள் அளந்த இடம்தான் வேறு. வாட்டில் குழாயடி, கொமோட், தட்டையான தரை, கைப்பிடி. வீட்டில் கிணறு, குந்தி இருக்கும் மலசலகூடம், முற்றத்து மணல். குளிப்புக்கு வாட்டில் கொடுத்த 5 வீட்டில் 0 ஆகும். மலசலகூடத்துக்குக் கொடுத்த 10 அங்கே 5 ஆகும். இந்த இரண்டிலேயே 85 என்பது 75க்கு இறங்கிவிட்டது. பார்தெலில் இருப்பது பத்து விடயங்கள் மட்டும். தண்ணீர் அள்ளுவதும், தேங்காய் துருவுவதும், சைக்கிள் உருட்டுவதும் அதில் இல்லை. ஆகவே வீட்டுக்கு விடும் முன் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை என்று எடுத்து, எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அதைவிட முக்கியம், மனைவி சொன்ன "எல்லாம்" என்ற சொல்லை உடைப்பது. கிணற்றுக் குளிப்பையே எடுங்கள். கிணற்றடிக்கு நடப்பது, வழுக்கும் கிணற்றுக் கட்டின் மேல் ஏறுவது, அள்ளுவது, தூக்கி ஊற்றுவது, சோப் போடுவது, முதுகு தேய்ப்பது, துடைப்பது, ஈரச் சாரத்தை மாற்றுவது. இதில் அவரால் ஏலாதது அள்ளுவதும், தூக்குவதும், சாரம் மாற்றுவதும்தான். மிச்சத்தைச் செய்யலாம். ஆனால் அள்ள ஏலாத ஒன்றுக்காக முழுக் குளிப்பையும் மனைவி எடுத்துக்கொண்டுவிட்டா. அவவைக் குறை சொல்லவும் முடியாது, அப்படிச் செய்தால் விரைவாக முடியும்.

கிணற்றிலிருந்து அள்ளுவதை அவருக்குப் பழக்க வேண்டாம். 10 லீற்றர் வாளி நிரம்பினால் 10 கிலோ. ஒரு கையால் அதை இழுக்கும்போது உடல் கிணற்றுப் பக்கம் சாயும். தண்ணீரை வேறொருவர் அள்ளி, அல்லது மோட்டர் போட்டு, இரண்டு வாளியில் அரைவாசி அரைவாசியாக நிரப்பி அவருடைய நல்ல கைப் பக்கம் வைக்கட்டும். வாளி தரையில் இருந்தால் குனிய வேண்டும். ஒரு கல்லின் மேல், முழங்கால் உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். இருக்கை 18 அங்குல உயரம், இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படவேண்டும். பிளாஸ்ரிக் கதிரை ஈரச் சீமெந்தில் கால் விரிந்து சரியும், பாசி பிடித்த கிணற்றடியில் இன்னும் மோசம். பாசியைத் தேய்த்துக் கழுவி, கதிரையின் முதுகைச் சுவரோடு அண்ட வையுங்கள். இல்லையென்றால் மேசனிடம் சொல்லிச் சீமெந்துக் குந்து ஒன்று கட்டுவது மலிவு. சுடுதண்ணீர் கலந்தால் சூட்டை நல்ல கையால் பார்க்க வேண்டும். உணர்வு குறைந்த கை கொப்பளித்த பிறகுதான் தெரியவரும்.

சாரத்துக்கு இடுப்பில் இலாஸ்ரிக் பட்டி தைத்துவிட்டால் ஒரு கையால் ஏற்றலாம். "சாரத்துக்கு இலாஸ்ரிக்கோ" என்று வெட்கப்படுகிறவர்கள் உண்டு. மேலே ஒரு மடிப்பு மடித்துவிட்டால் வெளியே தெரியாது. சேட்டுப் போடும்போது ஏலாத கை முதலில், கழற்றும்போது கடைசியில். இந்த ஒழுங்கை வீட்டார் எல்லோருக்கும் சொல்லுங்கள், மாறினால் தோள் வலிக்கும். கட்டிலால் எழுப்பும்போது ஏலாத கையைப் பிடித்து இழுப்பது வீட்டில் நடக்கிற மிகப் பெரிய பிழை. தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும் நேரத்தில் அப்படி இழுத்தால் மூட்டு கீழிறங்கிவிடும்.

சாப்பாட்டில் கவனமாகப் பேசுங்கள். வலது கை விழுந்தவரிடம் "இடது கையால் சாப்பிடுங்கள்" என்று எடுத்த எடுப்பில் சொன்னால், பலர் அதைவிட ஊட்டிவிடுவது மேல் என்று வாய் திறந்து இருந்துவிடுவார்கள். இடது கையில் கரண்டி என்றால் சிலர் ஒப்புவார்கள். வலது கையில் கொஞ்சமேனும் பிடி இருந்தால் பழைய சைக்கிள் ரியூப்பைக் கரண்டிப் பிடியில் சுற்றி 3 சென்ரிமீற்றர் தடிப்பாக்கி முயன்று பார்க்கலாம். விளிம்பு உயர்ந்த கோப்பை, அடியில் ஈரத் துணி. எது வேண்டும் என்பதை அவர் தெரிவு செய்யட்டும்.

"எரிகாயப்பட்ட புறங்கைக்குச் செய்துகொடுத்த ஸ்பிளின்ற் (கையை ஒரு நிலையில் தாங்கி வைக்கும் தகடு), அடுத்த கிளினிக்குக்கு வரும்போது வளைந்துபோய் வருகிறது. விரல்களும் இறுகிக்கொண்டு போகின்றன. எங்கே பிழை விடுகிறேன்?"
— கிளிநொச்சி

இரண்டு பிழை இருக்கலாம், ஒன்று வெயில். ஸ்பிளின்ற் செய்கிற தேர்மோபிளாஸ்ரிக் தகடு 65 முதல் 75 பாகை செல்சியஸ் தண்ணீரில் இளகுவது. அதற்குக் குறைந்த சூட்டிலும், நேரம் கூடினால், மெல்ல உருமாறும். வெயிலில் நிறுத்திய வானின் முன்கண்ணாடிக்குக் கீழே, மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள், தகரக் கூரைக்கடியில் வைத்தால் சித்திரை, வைகாசியில் அது நீங்கள் செய்த வடிவில் இராது. "தண்ணிப் பானைக்குப் பக்கத்தில வையுங்கோ" என்று சொல்லிவிடுங்கள், வீட்டில் குளிர்ந்த இடம் அதுதான். சுடுதண்ணீரால் கழுவ வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மற்றப் பிழை நிலை. புறங்கை எரிகாயத்துக்கு மணிக்கட்டு 20 முதல் 30 பாகை மேல்நோக்கி, விரல் அடிமூட்டுகள் 60 முதல் 70 பாகை மடிந்து, அதற்கு மேலுள்ள விரல் மூட்டுகள் நேராக, பெருவிரல் உள்ளங்கையிலிருந்து முன்பக்கம் விலகி இருக்கவேண்டும். காரணத்தைத் தெரிந்து வைத்திருந்தால் கோணம் மறக்காது. அடிமூட்டின் பக்கத் தசைநார்கள் மூட்டு மடிந்திருக்கும்போது இழுபட்டு நீளமாக இருக்கும், நேராக இருக்கும்போது தளர்ந்து சுருங்கத் தொடங்கும். வீங்கிய கை தானாக எடுக்கும் நிலையோ இதற்கு நேர் எதிர்: அடிமூட்டு நிமிர்ந்து விரல் நுனி மடியும். புதியவர்கள் கோணத்தை 30 பாகையோடு விட்டுவிடுகிறார்கள், நோகும் என்ற இரக்கத்தில். கோணமானியை வைத்துப் பார்க்காமல் ஸ்பிளின்றை ஆறவிட வேண்டாம். உள்ளங்கை எரிந்திருந்தால் கதை வேறு, அங்கே விரல்களை விரித்து நிமிர்த்தி வைக்கவேண்டும். பழக்கத்தில் எல்லா எரிகாயத்துக்கும் ஒரே மாதிரி வார்த்துவிடாதீர்கள்.

நீளம் முன்னங்கையில் மூன்றில் இரண்டு பங்கு. கட்டையாக வெட்டினால் விளிம்பு தசையில் குத்தும், மணிக்கட்டும் நிற்காது. அகலம் முன்னங்கைச் சுற்றில் பாதி. விளிம்பை வெளிப்புறம் மடியுங்கள். சின்னவிரல் பக்க மணிக்கட்டு எலும்பும் பெருவிரல் அடியும் முதலில் சிவக்கும் இடங்கள். இளகிய தகட்டைத் துவாயில் ஒற்றி, உங்கள் முன்னங்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே நோயாளியில் வையுங்கள். காயத்தின் மேல் டிரெசிங் இருக்கவேண்டும். முதல் நாள் 30 நிமிடம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்துக்கு மேல் நின்றால் அந்த இடத்தை மீண்டும் இளக்கித் தள்ள வேண்டும். பஞ்சு வைத்து அடைப்பது தீர்வல்ல, அழுத்தம் இன்னும் கூடும்.

தகடு முடிந்துவிட்டதென்றால் பரிஸ் சாந்துத் துணி 8 முதல் 10 மடிப்பில் அரைக்கட்டாகப் போடலாம். பாரம் கூட, நனையக் கூடாது, ஆனால் கோணம் பிசகாது. பிவிசி குழாயைச் சூடாக்கிச் செய்கிறவர்களும் உண்டு. அது இளகும் சூடு தோலைப் பொசுக்கும், நோயாளியின் கையில் வைத்து வார்க்கவே கூடாது, நெருப்பில் காட்டினால் வரும் புகையும் கூடாது.

"இடுப்புக்குக் கீழ் இயங்காத ஒருவருக்கு வீட்டுத் திண்ணையில் சாய்தளம் கட்டச் சொன்னேன். திண்ணை 2 அடி உயரம், மேசன் 6 அடி நீளத்தில் கட்டிவிட்டார். ஏற ஏலாமல் இருக்கிறது. உடைக்கச் சொல்வதா?"
— நெடுங்கேணி

உடைக்கத்தான் வேண்டும். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு; உங்கள் திண்ணைக்கு 24 அடி. 6 அடியில் கட்டியது ஒன்றுக்கு நாலு. தனியே ஏறினால் சில்லுக் கதிரை பின்னால் மல்லாரும், இறங்கினால் நிறுத்த ஏலாது. தள்ளுகிறவர் வயதான தாயென்றால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

மாரியில் வெள்ளம் ஏறாமலிருக்க வன்னி வீடுகளின் அத்திவாரத்தை உயர்த்துகிறார்கள், ஆகவே இந்தச் சிக்கல் உங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும். 24 அடி நேரே போக முற்றத்தில் இடமில்லையென்றால் சுவரோடு 12 அடி, 5 அடிச் சதுரத் தட்டு ஒன்று, திரும்பி இன்னொரு 12 அடி. கட்ட முன் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள்: பின்பக்கக் குசினி வாசலில் நிலம் உயர்ந்திருந்தால் அங்கே 1 அடிதான் ஏறவேண்டி வரலாம், செலவு பாதியாகும். ஆனால் "விருந்தாளி முன்வாசலால வர நான் குசினியால வாறதோ" என்று அவர் கேட்கக்கூடும், கேட்டால் நியாயம் அவர் பக்கம்.

மேசனிடம் வாயால் சொல்லாதீர்கள். நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, முளை அடித்து, நூல் கட்டிக் காட்டுங்கள். அகலம் 3 அடிக்குக் குறையக் கூடாது. இரு ஓரமும் 3 அங்குலக் கரை, இல்லையென்றால் முன்சில்லு விழும். மேற்பரப்பை மேசன்மார் அழகுக்காகக் கண்ணாடி போல மினுக்குவார்கள். ஈரத்தில் வழுக்கும், காயமுன் விளக்குமாறால் குறுக்கே கீறச் சொல்லுங்கள். உச்சியில், கதவுக்கு முன்னால், 5 அடித் தட்டு வேண்டும், இல்லையென்றால் கதவைத் திறக்கக் கையை எடுத்த நொடியில் கதிரை பின்னால் உருளும். கார்த்திகை மழை அடிமண்ணை அரித்துக் கொண்டுபோகும், அதனால் கரைகளுக்கு அத்திவாரம் போட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

சாய்தளத்தோடு வேலை முடியாது. கீழே இறங்கியவர் மணலில் புதைவார், சிறிய முன்சில்லு முதலில் தாழும். வாசலிலிருந்து மலசலகூடம்வரை 3 அடி அகலத்தில் கிரவல் போட்டு இடித்துக் கெட்டியாக்குங்கள். மலசலகூடக் கதவு 2½ அடி என்றால் 30 அங்குலம், நிலையைக் கழித்தால் 27, 28தான் மிஞ்சும். கதிரையின் வெளியகலம் 25, 26 அங்குலம். முழங்கை உரசும், கதவு உள்ளே திறந்தால் மூடவே ஏலாது. கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்க மாட்டுவது அரை நாள் வேலை. சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த அளவுகள் போட்ட ஒரு படத்தை இணைத்துவிடுங்கள்; "சாய்தளம் தேவை" என்ற ஒற்றை வரிக்கு மறுபடியும் 6 அடிதான் கிடைக்கும்.

"முதுகில் செல் துண்டு பட்டு ரி4 (நெஞ்சுப் பகுதியின் நாலாம் முள்ளெலும்பு) மட்டத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர், உடை மாற்றப் பழக்கும்போது திடீரெனத் தலையிடி என்றார், முகம் சிவந்து வியர்த்தது. படுக்க வைத்தேன். சரிதானா?"
— மாணவர், வவுனியா

இல்லை. படுக்க வைத்தால் இரத்த அழுத்தம் இன்னும் ஏறும். ரி6 மட்டத்திலோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவருக்கு இந்த அடையாளங்கள் வந்தால் ஒட்டோனொமிக் டிஸ்ரிபிளெக்சியா, அதாவது பாதிப்புக்குக் கீழே ஏற்படும் ஒரு தூண்டலால் இரத்த அழுத்தம் திடீரென ஏறுவது, என்றே எடுங்கள். உடனே நிமிர்த்தி இருத்தி, கால்களைத் தொங்கவிட்டு, இடுப்புப்பட்டி, சப்பாத்து, சிறுநீர்ப் பையின் கால்பட்டி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். அடுத்தது சிறுநீர் போகும் குழாய், கதீற்றர்: குழாய் மடிந்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா. பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும், உடை மாற்றும்போது குழாய் தொடைக்கடியில் நசிந்திருக்கும். அது இல்லையென்றால் மலச்சிக்கல், படுக்கைப்புண், உள்வளர்ந்த நகம். அழுத்தத்தை 5 நிமிடத்துக்கு ஒரு முறை அளவிடுங்கள். இவர்களுக்கு வழமையான மேல் அழுத்தமே 90, 100 ஆக இருக்கும், ஆகவே 130 என்பது உங்களுக்கு இயல்பாகத் தெரிந்தாலும் அவருக்கு ஆபத்து. வாட்டில் என்றால் வைத்தியரை உடனே கூப்பிடுங்கள், வீட்டில் என்றால் 1990 அம்புலன்ஸ். அவருடைய வழமையான அழுத்தத்தை முதல் நாளே பதிவில் எழுதியிருக்க வேண்டும்.

"செயற்கைக் காலோடு வயலுக்குப் போகிறவருக்கு முண்டப் பகுதி (வெட்டிய காலில் மிஞ்சியிருப்பது) அடிக்கடி புண்ணாகிறது."
— விசுவமடு

வியர்வைதான். முண்டத்தைக் கழுவுவதை இரவுக்கு மாற்றச் சொல்லுங்கள். விடிய கழுவி உடனே காலை மாட்டினால் ஈரத்தில் ஊறிய தோல் உரசுப்படும். முண்டத்தில் போடும் உறை இரண்டு சோடி வேண்டும், மத்தியானம் வயலிலேயே கழற்றித் துடைத்து மற்றதைப் போட. கழற்றி 10 நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் அன்று மிச்ச நேரம் கால் வேண்டாம், மூங்கில் தடியோ ஊன்றுகோலோ போதும். பாதம் எந்த வகை என்றும் பாருங்கள். ஜெய்ப்பூர் பாதம் வெறுங்காலுக்கும், சேற்றுக்கும், குந்தி இருப்பதற்கும் என்றே உருவானது; சப்பாத்துப் போட்டு நடக்கச் செய்த பாதத்தோடு சேற்றில் இறங்கினால் பாதம் கெடும், பிறகு சாய்ந்து நடந்து முண்டமும் கெடும்.

"போரில் நடந்ததை நோயாளியிடம் கேட்கவேண்டுமா? கேட்காவிட்டால் மதிப்பீடு முழுமையாகாது என்கிறார்கள்."
— இறுதியாண்டு மாணவி, புதுக்குடியிருப்பு

கேட்கவேண்டாம். 2009 பற்றி உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது என்பதற்காக ஒருவர் அதைத் திறக்கவேண்டியதில்லை. நித்திரை எப்படி, சமைக்க மனம் வருகிறதா, சந்தைக்குப் போவாரா, ஆட்களோடு இருப்பாரா என்று அலுவலைக் கேளுங்கள். மதிப்பீட்டுக்கு அது போதும். அவராகச் சொன்னால் இடைமறிக்காமல் கேளுங்கள், விபரம் தோண்டாதீர்கள், ஏழெட்டுப் பேர் இருக்கும் திறந்த வாட்டில் தொடர விடாமல் தனி இடத்துக்கு மாறுங்கள். சாக நினைப்பதாகச் சொன்னால் அன்றே மனநலப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதை இரகசியமாக வைப்பேன் என்று முன்கூட்டி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழுச் செயற்பாட்டுக்குப் பொருள் தெரிவு செய்யும்போதும் யோசியுங்கள். பனையோலை பின்னுவது ஒருவருக்கு ஆறுதல், இன்னொருவருக்கு அது இல்லாமற்போன தாயின் கை.

"களப்பயிற்சி எத்தனை மணித்தியாலம் இருக்கவேண்டும்?"
— மாணவர், மன்னார்

உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சம்மேளனத்தின் ஆகக் குறைந்த தரம் 1000 மணித்தியாலம். திகதி, இடம், மேற்பார்வையாளர் கையொப்பம் மூன்றையும் அன்றன்றே எழுதுங்கள். பின்னாளில் வெளிநாட்டில் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது கையொப்பம் இட்டவர் இடமாற்றமாகிப் போயிருப்பார்.